பாஸ்கா: சாவின் நடுவே ஒரு பாதை

 

நாற்பது நாள் தவக்காலம் முடிந்து, பாஸ்கா இரவில் ஆலய மணிகள் ஒலிக்கும்போது நம் உள்ளம் பூரிக்கிறது. சாவு தோற்றது, வாழ்வு வென்றது என்று நெஞ்சாரப் பாடுகிறோம். ஆனால் அதே மணி அடுத்த வாரமே துக்க மணியாகவும் ஒலிக்கக்கூடும். பங்கில் யாரோ ஒருவர் இறந்திருப்பார். அந்த வீட்டில் அழுகுரல் கேட்கும்.

ஆண்டவர் சாவை வென்றுவிட்டார் என்றால் சாவு இன்னும் ஏன் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது? மீட்பு வந்துவிட்டது என்றால் துன்பம் ஏன் தீரவில்லை? மறைக்கல்வி வகுப்பில், சிறப்பாகத் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகள், இதைக் கேட்பதுண்டு. சிலர் வாய்விட்டுக் கேட்பர்; பலர் மனத்துக்குள் கேட்பர். இக்கேள்வியைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. விசுவசிக்க விரும்புகிறவள்தான் இதைக் கேட்கிறாள். ஆகவே இக்கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே பாஸ்காவின் பொருளைச் சிறிது சிந்திப்போம்.

மீட்பு என்னும் சொல்

நம் பாட்டிமாரின் செபங்களில் ‘ஈடேற்றம்’, ‘இரட்சணியம்’ என்ற சொற்கள் வரும். இன்று நாம் பெரும்பாலும் ‘மீட்பு’ என்கிறோம். இச்சொல்லின் பொருள் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். மகளின் படிப்புச் செலவுக்காக ஒரு தாய் தன் வளையலை அடகு வைக்கிறாள். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, ஒருநாள் அதை மீட்டு வருகிறாள். அடகுக் கடைப் பெட்டியில் கிடந்த நாள்களிலும் அந்த வளையல் தங்கம்தான், அவளுடைய வளையல்தான். தன்னைத் தானே மீட்டுக்கொள்ள வளையலால் இயலாது. அதற்கு உரியவள் வர வேண்டும். தன்னுடையது என்பதால்தான் அவள் வருகிறாள்.

மீட்பின் பெரும்பகுதி இந்த எளிய எடுத்துக்காட்டில் அடங்கியிருக்கிறது. பாவத்தில் விழுந்த மனிதன் கடவுளுக்கு அந்நியன் ஆகிவிடவில்லை. அவருடைய பிள்ளையாகவே இருந்தான். பிள்ளையைத் தேடித் தந்தை வந்தார்.

எனினும் எந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அடகுக் கடையில் கடைக்காரரிடம் பணம் கட்டுகிறோம். கிறிஸ்து தம் இரத்தத்தை யாரிடம் கட்டினார்? நான்காம் நூற்றாண்டில் நசியான்சு நகரப் புனித கிரகோரியார் ஒரு பாஸ்கா மறையுரையில் இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பினார். பசாசுக்கு அவ்விலை கொடுக்கப்பட்டது என்பதை அவர் ஏற்கவில்லை; திருடனுக்குக் கடவுளே விலையாவதா என்று அவர் மனம் கொதித்தது. தந்தையாகிய கடவுள் தம் மகனின் இரத்தத்தை வேண்டிக் கேட்டார் என்பதையும் அவர் ஏற்கவில்லை. விலை என்னும் சொல் அன்பின் ஆழத்தைக் காட்டுகிறதே ஒழிய, வாணிபக் கணக்கைக் காட்டவில்லை என்பதை நாம் இதிலிருந்து கற்கிறோம்.

பழைய ஏற்பாடு இதற்கு இன்னும் அழகிய விளக்கம் தருகிறது. இஸ்ராயேல் மக்களிடையே வறுமையால் ஒருவன் தன்னை அடிமையாக விற்றுக்கொள்ள நேர்ந்தால், அவனுடைய அண்ணன் தம்பியோ, சிற்றப்பனோ, நெருங்கிய உறவினன் வேறு எவனோ அவனை மீட்கலாம் என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் சொல்கிறது. மீட்கும் அந்த உறவினனுக்கு எபிரேய மொழியில் ‘கோயேல்’ என்று பெயர். கணவனை இழந்த ரூத்துக்குப் போவாஸ் வாழ்வு கொடுத்ததும் இம்முறைப்படியே. உறவு இருந்தால்தான் மீட்கும் உரிமை உண்டு. இப்பொழுது பெத்லெகேமை நினைத்துப் பாருங்கள். கடவுளின் மகன் ஏன் ஒரு பெண்ணிடம் பிறந்தார்? நம்மை மீட்கும் முறைக்கு நம் இரத்த உறவாகவே ஆனார். கிறிஸ்து பிறப்பும் பாஸ்காவும் இவ்வாறு ஒரே கதையின் இரு பகுதிகள் ஆகின்றன.

கடலுக்குள் ஒரு பாதை

‘பாஸ்கா’ என்னும் சொல் ‘பெசாக்’ என்ற எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. கடந்து செல்லுதல் என்பது அதற்குத் திருச்சபை மரபாகக் கொள்ளும் பொருள். எகிப்தில் அடிமைகளாய் இருந்த இஸ்ராயேலர் ஆட்டுக்குட்டியை அடித்து உண்டு, அதன் இரத்தத்தை வாயில் நிலைகளில் பூசி, முழுநிலா இரவில் புறப்பட்டனர். அதனால்தான் இன்றும் பாஸ்கா திருநாள் நிலவைப் பார்த்தே வருகிறது. மார்ச் 21-ஆம் நாளிலோ அதற்குப் பின்போ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு நமக்குப் பாஸ்கா. ஆகவே அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறன்று இதைக் கொண்டாட வேண்டும் என்று 325-ஆம் ஆண்டில் நிசேயா பொதுச்சங்கம் முடிவு செய்தது.

புறப்பட்ட மக்களுக்கு முன்னே செங்கடல். பின்னே மன்னனின் படை. கடவுள் நினைத்திருந்தால் கடலே குறுக்கிடாத வேறொரு வழியில் அவர்களை நடத்தியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. கடலுக்குள்ளேயே வழி திறந்தார். அவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்களோ அதன் நடுவே நடந்து அக்கரை சேர்ந்தார்கள்.

பாஸ்கா இரவில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு உண்டு. அருட்பணித் தேவையை முன்னிட்டு அவற்றைக் குறைத்துக்கொள்ளத் திருச்சபை அனுமதிக்கிறது. ஆனால் செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது என்பது சட்டம். ஏன்? நம் மீட்பு எந்த வகையானது என்பதை அவ்வாசகமே காட்டுகிறது. கடவுள் நம்மைச் சாவைச் சுற்றி வேறு வழியாக அழைத்துச் செல்லவில்லை. தாமே சாவுக்குள் இறங்கி, அதன் நடுவே பாதை போட்டார். பெரிய வெள்ளியன்று அப்பாதையில் அவர் முதலில் நடந்தார். அவருக்குப் பின்னால் நாம் நடக்கிறோம்.

இருட்டில் ஏற்றும் திரி

திருச்சபை இவ்வுண்மையைச் சொல்லால் மட்டும் கற்பிக்கவில்லை, சடங்காலும் கற்பிக்கிறது. பாஸ்கா திருவிழிப்பில் ஆலய விளக்குகள் எல்லாம் அணைக்கப்படுகின்றன. வெளியே புதுத் தீ மூட்டப்படுகிறது. பாஸ்காத் திரியில் குரு சிலுவையை வரைகிறார். முதலும் முடிவுமான அகரமும் னகரமும் எழுதி, அந்த ஆண்டின் நான்கு எண்களையும் பொறிக்கிறார். நம்முடைய இந்த ஆண்டும் ஆண்டவருக்கு உரியது என்பது அதன் பொருள். பின்பு அவருடைய ஐந்து காயங்களின் நினைவாக ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்படுகின்றன. வெற்றியின் அடையாளமான திரியிலும் காயங்களை மறைக்காமல் வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

திரி இருண்ட ஆலயத்துக்குள் நுழைகிறது. ஒரே ஒரு சுடர். அதிலிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து மற்றவர் என்று கைமாறிக் கைமாறி ஆலயம் முழுவதும் ஒளி பரவுகிறது. பிறருக்குக் கொடுத்ததால் எவருடைய சுடரும் குறைந்து போவதில்லை.

ஒரு காலத்தில் இச்சடங்கு சனிக்கிழமை காலையிலேயே, வெயில் வெளிச்சத்தில் நடந்து வந்தது. உங்கள் கொள்ளுப்பாட்டிமார் சிறுமிகளாய் இருந்தபோது அவ்வாறே கண்டிருப்பார்கள். வெயிலில் ஏற்றிய திரியின் ஒளி யார் கண்ணில் படும்? பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-ஆம் ஆண்டில் திருவிழிப்பை மீண்டும் இரவுக்கு மாற்ற அனுமதித்தார். 1956 முதல் அது இலத்தீன் வழிபாட்டு முறை முழுவதற்கும் ஒழுங்காயிற்று. இருட்டை மறுக்காமல், இருட்டின் நடுவில் நின்று ஒளியை ஏற்றுவதே பாஸ்கா.

பின்னர்த் தண்ணீர் மந்திரிக்கப்படுகிறது. திருமுழுக்குப் பெறுவோர் அத்தண்ணீரில் கிறிஸ்துவோடு இறந்து, அவரோடு எழுகிறார்கள் என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் விளக்குகிறார். நாமும் திரியைக் கையிலேந்தி நம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். நம்முடைய செங்கடல் அதுவே.

பெயர் சொல்லி அழைத்த குரல்

உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டவர் யார்? அருளப்பர் நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். விடியுமுன், இருட்டாய் இருக்கும்போதே, மதலேன் மரியாள் கல்லறைக்குச் சென்றார். கல் அகற்றப்பட்டிருக்கக் கண்டு ஓடிச் சென்று சொன்னார். இராயப்பரும் மற்றச் சீடரும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினர். மரியாளோ அங்கேயே நின்று அழுதார். ஆண்டவர் எதிரில் நின்றபோதும் அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினார். ஆண்டவர் நீண்ட விளக்கம் ஒன்றும் தரவில்லை. பெயர் சொல்லி அழைத்தார். அந்த ஓர் அழைப்பில் மரியாள் அவரை அறிந்துகொண்டார்.

மீட்பு என்பது கூட்டத்துக்குப் பொதுவாக வீசப்படும் பொருள் அன்று என்பதை இதில் காண்கிறோம். பெயர் தெரிந்தவர் பெயர் சொல்லி அழைக்கிறார்.

அழைத்ததோடு நிற்கவில்லை, சகோதரரிடம் சென்று அறிவிக்கும்படி அனுப்பினார். கல்லறைக்குச் சென்ற பெண்கள் சொன்னதைத் திருத்தூதர்கள் வெறும் பிதற்றல் என்று எண்ணி நம்பவில்லை என லூக்காஸ் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். உலகம் எவருடைய சாட்சியத்தைப் பெரிதாய் மதிக்கவில்லையோ, அவர்களிடமே ஆண்டவர் தம் முதற்செய்தியை ஒப்படைத்தார். புனித அக்குவினாஸ் தோமையார் மரியாளைத் திருத்தூதர்களுக்கே திருத்தூதர் என்று சிறப்பித்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2016-ஆம் ஆண்டில் ஜூலை 22-ஆம் நாள் வரும் அவருடைய நினைவு நாளைத் திருத்தூதர்களின் நாள்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். மாணவிகளே, உங்கள் குரல் சிறியது என்று யாரேனும் சொன்னால், பாஸ்காவின் முதற்குரல் ஒரு பெண்ணின் குரல் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

முதற்கதிரும் அறுவடையும்

இப்பொழுது நம் கேள்விக்குத் திரும்புவோம். சாவு ஏன் இன்னும் இருக்கிறது?

முதலில் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். லாசரும் கல்லறையிலிருந்து எழுந்து வந்தார். ஆனால் அவர் பழைய வாழ்வுக்கே திரும்பினார். பின்னர் மீண்டும் இறந்திருப்பார். இயேசு பழைய வாழ்வுக்குத் திரும்பவில்லை. சாவைக் கடந்து அக்கரை சேர்ந்தார். இனி அவருக்குச் சாவு இல்லை. ஆகவே உயிர்ப்பு என்பது சாவைத் தள்ளிப் போடுவது அன்று. சாவினால் தொட முடியாத புது வாழ்வு.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 15-ஆம் அதிகாரத்தில் உயிர்த்த கிறிஸ்துவை முதற்பலன் என்கிறார். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். வயலில் முதலில் விளைந்த கதிரை அறுத்துக் கடவுளுக்குக் காணிக்கையாக்குகிறோம். அந்தக் கதிர் கைக்கு வந்த அன்றே அறுவடை முடிந்துவிடுவதில்லை. ஆனால் வயல் விளைந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று; மற்றக் கதிர்களும் அதே வயலில் அதே வித்திலிருந்து வந்தவைதாம். கிறிஸ்து முதற்கதிர். நாம் இன்னும் வயலில் நிற்கிறோம். பகைவர்களில் கடைசியாக அழிக்கப்படுவது சாவு என்று அதே அதிகாரத்தில் சின்னப்பர் கூறுகிறார். எனவே சாவு இன்னும் இருப்பதை அவரும் அறிந்தே பேசுகிறார். இறந்த தந்தைக்காக அழும் பிள்ளையிடம், அழாதே என்று திருச்சபை சொல்வதில்லை. லாசரின் கல்லறையருகே ஆண்டவரே அழுதார். இந்தப் பிரிவு கடைசிச் சொல் அன்று என்பதையே திருச்சபை சொல்கிறது.

2019, ஏப்ரல் 21

இவை எல்லாம் ஏட்டளவில் நிற்கும் எண்ணங்களா? அண்டை நாடான இலங்கையில் 2019-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு காலையில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிலும், கொழும்பில் பெரிய ஓட்டல்கள் மூன்றிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிங்களவரும் தமிழரும் பிற நாட்டவரும் அவர்களில் இருந்தனர். மட்டக்களப்பில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை முடித்த பிள்ளைகள் பலர் மாண்டனர்.

அல்லேலூயா பாடிய நாளிலேயே இத்தனை சாவு! விசுவாசம் பொய்த்துவிட்டதா?

கட்டுவாப்பிட்டி ஆலயத்தில் உயிர்த்த ஆண்டவரின் திருவுருவத்தின் மீது மக்களின் இரத்தம் தெறித்திருந்தது. இரத்தக் கறை படிந்த அத்திருவுருவத்தின் படம் உலகெங்கும் சென்றது. உயிர்த்த பின்னும் ஆண்டவர் தோமையாருக்குத் தம் காயங்களைக் காட்டினார் அல்லவா? அந்தக் காயங்களோடு தம் மக்களின் காயங்களையும் அவர் ஏற்றுக்கொண்டதுபோல் அக்காட்சி இருந்தது.

கொச்சிக்கடை ஆலயம் அதே ஆண்டு ஜூன் மாதத்தில், அந்தோனியார் திருநாளையொட்டி மீண்டும் திறக்கப்பட்டது. மறு ஆண்டு, 2020-இல், கொரோனா ஊரடங்கினால் மக்களின்றி நடந்த பாஸ்கா திருப்பலியில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகக் கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் அறிவித்தார். அதற்காக நீதி கேட்பதை அவர் நிறுத்தவில்லை. உண்மை முழுவதும் வெளிவர வேண்டும் என்று தொடர்ந்து கேட்டார். முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் அதிபர் உள்ளிட்ட பொறுப்பாளர்கள் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதில் நாம் ஒரு பாடம் கற்கலாம். மன்னிப்பது என்றால் நடந்த தீமையை மூடி மறைப்பது என்று பொருளாகாது. பகையைப் பகையால் தீர்க்காமல், உண்மையை விடாமல் பற்றி நிற்பதே கிறிஸ்தவ மன்னிப்பு. சாவின் நடுவில் நின்றுகொண்டு, வெறுப்புக்கு இடங்கொடாமல் அவ்வாறு வாழ முடிகிறது என்றால், அங்கே சாவின் ஆட்சி உடைந்திருக்கிறது. மறுமையில் நிறைவு பெறும் மீட்பு இங்கேயே தொடங்கிவிட்டதற்கு அது அடையாளம்.

யாருக்கு இந்த மீட்பு?

நம் பள்ளியில் பல சமயப் பிள்ளைகள் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கிறார்கள். மீட்பு கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தானா என்று ஒரு தோழி கேட்டால் என்ன சொல்வீர்கள்? கிறிஸ்து எல்லாருக்காகவும் இறந்தார். ஆகவே அவருடைய பாஸ்கா மறைபொருளில் பங்குபெறும் வாய்ப்பை, கடவுள் அறிந்த வகையில், தூய ஆவியார் எல்லாருக்கும் அளிக்கிறார் என்று 1965-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் கற்பித்தது. கடவுளின் அன்புக்கு நாம் வேலி போட இயலாது. அந்த அன்பை அறிந்தவர்கள் நாம் என்பதால் நமக்குப் பெருமையைவிடப் பொறுப்பே அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீட்பு நாம் உழைத்து வாங்கும் மதிப்பெண் அன்று. இத்தனை செபம், இத்தனை நோன்பு என்று கூட்டிக் கணக்குப் போட்டுத் தேர்ச்சி பெறுவதற்கு அது தேர்வும் அன்று. சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனிடம் காட்டுவதற்கு ஒரு நற்செயலும் இருக்கவில்லை. ஆண்டவரை நோக்கித் திரும்பிய ஒரு மன்றாட்டு மட்டுமே இருந்தது. அது போதுமானதாயிற்று. அப்படியானால் நற்செயல்கள் வேண்டாமா? வேண்டும். மீட்டு வந்த வளையலைத் தாய் பெட்டியிலே பூட்டி வைப்பதில்லை, கையில் அணிகிறாள். மீட்கப்பட்டவர்கள் பயன்பட வேண்டும்.

பாஸ்கா மக்களாய் வாழ்வோம்

தவக்காலம் நாற்பது நாள். பாஸ்காக் காலமோ ஐம்பது நாள். துக்கத்தைவிட மகிழ்ச்சிக்குத் திருச்சபை பத்து நாள் கூடுதலாகவே கொடுத்திருக்கிறது! தவக்காலத்தில் இறைச்சியை விட்டோம், சினிமாவை விட்டோம் என்று கணக்கு வைத்திருந்த நாம், அந்த ஐம்பது நாளிலும் எதைச் செய்தோம் என்று கேட்டுக்கொள்வது நன்று.

துக்க வீட்டுக்குச் செல்லத் தயங்க வேண்டாம். சொல்வதற்குச் சொல் இல்லாவிட்டாலும், மதலேன் மரியாளைப் போல அருகில் நிற்க முடியும். வகுப்பில் எல்லாரும் ஒதுக்கும் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அன்று அவளுக்குக் கல்லறைக் கல் சற்றே அசையும். பேசாமல் நின்றுபோன தோழியிடம் நீங்களே முதலில் பேசுங்கள். வீட்டில் பாட்டியின் கையைப் பிடித்துப் பாஸ்கா திருவிழிப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே உங்கள் திரியிலிருந்து அவருக்கு ஒளி ஏற்றிக் கொடுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் சாவைப் பற்றிக் கேட்டால் வாயை அடக்காதீர்கள். அவர்களோடு அமர்ந்து, உயிர்த்த ஆண்டவரைப் பற்றிப் பேசுங்கள்.

சாவு இன்னும் நம் நடுவே இருக்கிறது. ஆனால் அதன் நடுவே ஒரு பாதை திறக்கப்பட்டிருக்கிறது. அப்பாதையில் முன்னே செல்பவர் காயங்களோடு உயிர்த்தவர். அவர் நம் பெயரை அறிந்தவர். அவருடைய கையைப் பற்றிக்கொண்டு அஞ்சாமல் நடப்போமாக.

உயிர்த்த ஆண்டவர் நம் இல்லங்களிலும் நம் பள்ளியிலும் தம் சமாதானத்தைப் பொழிவாராக! அல்லேலூயா!